நிழலுக்கு நகர்ந்த தெரு

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வந்தால், பெர்சிமன் பள்ளத்துக்காரர்கள் எந்த ஊரில் பிழைத்துக்கொண்டிருந்தாலும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து இறங்கிவிடுவார்கள். டன்ஸ்டன் தெரு இருந்த இடத்தில் இப்போது இருப்பது புல். அந்தப் புல்லில், அவரவர் வீடு எங்கே நின்றதோ அங்கே நாற்காலியை விரித்து, பொழுது சாயும்வரை வீட்டில் இருப்பார்கள். ஆமாம், வீட்டில்தான். சுவர் இல்லை, கூரை இல்லை என்பதெல்லாம் வெளியூர்க்காரர்கள் பேச்சு. போன வருஷம் யார் வீட்டு மருமகனோ வறுத்த மீன் தட்டோடு குறுக்கே நடந்துவிட்டான். "ஏம்ப்பா, என் படுக்கையறைக்குள்ள செருப்புக் காலோட வர்றியே, உனக்கு வாசல் தெரியாதா?" என்று எழுந்த சத்தத்தில், பாவம், பாதி மீனைக் கீழே சிந்திவிட்டுத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான்.

இந்த நாற்காலிகளுக்கெல்லாம் தலைமை வெர்லீன் பெட்டிஃபோர்டின் நாற்காலி. தெருமுனை வீடு அவளுடையது. காலை ஆறு மணிக்கு, புல்லில் பனி காய்வதற்கு முன்பே வந்து முதல் நாற்காலியைப் போடுவாள். அங்கிருந்து முப்பத்தைந்து அடி அளந்து ஓசெல்லா பர்வெல் போடுவாள். அவளிடமிருந்து முப்பத்தைந்து அடியில் ஹோசியா ராய்ஸ்டர். இப்படியே கிழக்கே ஏழு குடும்பங்கள். வெர்லீன் பிந்தினால் தெருவே பிந்தும். அந்தப் பெருமை அவளுக்கு எவ்வளவு என்பதை அவள் தொப்பியைப் பார்த்தாலே தெரியும். ஊதா நிறம், அகலம் ஒரு முழம், உச்சியில் ஏதோ ஒரு பறவையின் பாதி. அறுபத்தொன்பது வயதில் அதைத் தாங்க கழுத்து வேண்டுமே என்று சர்ச்சில் பின்வரிசைக்காரர்கள் முணுமுணுப்பதுண்டு. அவர்களுக்கு மேடை மறைகிறது, அதுதான் விஷயம்.

பள்ளம் ஒன்றும் சும்மா கிடந்த பூமியல்ல. மேட்டில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். புகையிலை ஆலைக்குக் கீழே, மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற இந்த இடத்தைத்தான் கறுப்பர்களுக்கென்று விட்டுவைத்தார்கள். விட்ட இடத்தில் அவர்கள் எதைத்தான் எழுப்பவில்லை! இரண்டு சினிமாக் கொட்டகை, ஒரு வங்கி, தையல் பள்ளி, பல் டாக்டர், மூன்று சர்ச். அந்த மூன்று சர்ச்சுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. ராய்ஸ்டர் சலூனில் முடி வெட்ட அரைமணி, பேச மூன்று மணி. காற்றில் எந்நேரமும் புகையிலையின் தித்திப்பு.

பிறகு 1967இல் நெடுஞ்சாலை வந்தது. ஊரில் வேறு வழியே இல்லாதது போல அது நேராக இந்தத் தெருவைத்தான் தேடி வந்தது. நான்கே வருஷத்தில் புது வீடு கட்டித் தருகிறோம் என்றது நகரசபை. சாலை வந்தது, வீடு வரவில்லை. சாலை போக மிஞ்சிய நிலத்தில் புல் வளர்ந்தது. அழகுக்காக நகரசபை ஒரு ஓக் கன்றை நட்டது. அது மட்டும் சொன்னபடி வளர்ந்தது.

இப்போது அந்தச் சாலைக்கே வயதாகி, அதை இடித்துத் தள்ளியாயிற்று. பள்ளத்துப் பிள்ளைகளும் பேரன்மார்களும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்து, நீதிமன்றம்வரை போய் நிலத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். முதலில் ஏழு வீடுகள். அவரவர் வீடு, அவரவர் மனையில். பழைய வரைபடத்தைக் கேட்டால், நகரசபைக் கிடங்கில் வெள்ளம் புகுந்து போய்விட்டது என்றார்கள். கிடங்கு இருப்பது மேட்டில். வெள்ளம் படியேறிப் போயிருக்க வேண்டும்.

அறக்கட்டளையின் நில அளவைக்காரி ஜனெல் ஃபெய்சன் கெட்டிக்காரி. "வரைபடம் எதுக்கு? முப்பத்தஞ்சு வருஷமா நீங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்களே, அதுதான் வரைபடம்" என்றுவிட்டாள். இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு முளைக்குச்சி அடிப்பதாக ஏற்பாடு. குச்சி விழுந்த இடம் மனை. அதன்பின் பேச்சில்லை.

வெர்லீனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு குச்சிதான். அவள் குடியிருப்பது புறவழிச் சாலையில், டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் தனக்குத் தோன்றினால் வரும். புது வீட்டுக் கதவு மஞ்சள் நிறம் என்று ஜனவரியிலேயே முடிவு செய்து, பெயின்ட் அட்டையைச் சர்ச்சில் எல்லோருக்கும் காட்டி, பாஸ்டருக்கு இரண்டு தடவை காட்டிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு ஓசெல்லா வந்தாள். நியூவார்க்கிலிருந்து பதினொரு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவள். இறங்கியதும் கால்வலியைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்தால் நீங்கள் ஓசெல்லாவை அறியாதவர்.

"என்னடி வெர்லீன், தொப்பில இருக்கிற பறவை போன வருஷத்தவிட இளைச்சிருக்கு? தீனி போடறதில்லையா?"

"நீ வர்றேன்னு கேள்விப்பட்டு அதுக்குச் சாப்பாடு இறங்கலடி."

"கதவு மஞ்சளாமே. பஸ்ஸுன்னு நெனச்சு ஸ்கூல் பிள்ளைங்க ஏறிடப் போறாங்க, பாத்துக்க."

இரண்டு பேரும் அறுபது வருஷமாக அடுத்த வீட்டுக்காரிகள். அதில் ஐம்பது வருஷம் வீடே இல்லை. ஆனாலும் ஒருத்தி வாசலை ஒருத்தி மிதித்ததில்லை. காரணம் ஒரு கேக். 1964இல் சர்ச் விற்பனையில் ஓசெல்லாவின் அம்மா மிஸ் லூட்டி, எலுமிச்சைத் தோல் துருவிப் போட்ட கேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வெர்லீனின் அம்மா அதில் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு, "பழைய வெண்ணெய்யோட வாடைய மறைக்கணும்னா எலுமிச்சை நல்லதுதான்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சர்ச்சில் மெதுவாகச் சொன்னது எது நின்றிருக்கிறது? மிஸ் லூட்டி கேக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மூடிய வாசல் இரண்டும் புல்டோசர் வந்துதான் திறந்தன.

மத்தியானம் மீன் முடிந்து, சீட்டுக்கட்டு இறங்கி, பேச்சு தணிந்தது. ஓக் மரத்து நிழல் வெர்லீனின் மடிமேல் வந்து பூனைபோல் சுருண்டது. வருஷா வருஷம் இந்த நேரத்துக்குத்தான் அவள் வருகிறாள். கண்ணை மூடினால் வீடு வரும். முதலில் வாசனை வரும். அடுப்பின் மேல் வெண்ணெய் உருகுகிற வாசனை. அதன் பின்னாலேயே சுவர்கள், ஈரத்துணி தானே காற்றில் நிமிர்வது போல, ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஜன்னல் திரை மூச்சு விடும். தரையில் வெயில் கஞ்சி கொட்டியது போல் படர்ந்திருக்கும். மேஜையருகில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ துருவிக்கொண்டிருப்பாள். நீல ஏப்ரனில் ஒரு பக்கப் பை கிழிந்து தொங்கும். வெர்லீன் வாசற்படியில் நின்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் விழிப்பு வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். முப்பது வருஷமாக அந்த முதுகுதான் அவளுக்கு அம்மா.

இந்தத் தடவை, இன்னும் கொஞ்ச நேரத்தில் குச்சி அடித்துவிடுவார்கள் என்ற தைரியத்திலோ என்னவோ, கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, நம்ம வீடு திரும்பக் கிடைச்சிருச்சும்மா."

அந்தப் பெண் துருவியைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். நிதானமாகத் திரும்பினாள்.

மிஸ் லூட்டி.

"யாரு உன்னை என் சமையல்கட்டுக்குள்ள விட்டது?" என்றாள்.

வெர்லீன் விழித்தபோது பறவை தொப்பியிலிருந்து காதுக்கு இறங்கியிருந்தது. மூக்கில் இன்னும் எலுமிச்சை. அம்மா தன் ஆயுளில் கேக்கில் எலுமிச்சை போட்டவளல்ல. போட்டவளைப் பேசியே விரட்டியவள். இந்த வாசனையை இத்தனை வருஷம் எப்படி வெறும் வெண்ணெய் என்று நம்பிக்கொண்டிருந்தோம்? வெர்லீன் எழுந்தாள். குடையை ஊன்றிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

வெர்லீன் வீட்டு வாசலுக்கு நேராகத் தெருவோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் மூடி இருந்தது, வார்ப்பிரும்பில். ஏழு வயதில் ஸ்கேட்டிங் சக்கரத்தோடு அதில் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள் அவள். அதை மறக்கும் பல்லா அது? புல்லைக் குடை நுனியால் குத்திக் குத்திக்கொண்டே போனாள். பத்தடி, இருபதடி. முப்பத்தைந்தாவது அடியில் இரும்பு ணங்கென்றது.

சுட்டெரிக்கிற வெயில். நிழல் என்று பேருக்கு ஒரு புல்லின் நிழல் கூட இல்லை. காலடியைச் சுற்றி வரிசையாக ஆரஞ்சு நிறக் கொடிகள், புதுத் தெரு திரும்புகிற வளைவுக்காக ஜனெல் நட்டவை. வெர்லீனின் வீடு, சமையல்கட்டு முதல் படுக்கையறைவரை, தார் போடப் போகிற இடத்தில் இருந்தது.

மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் விளங்கியது. முதல் வருஷம் வெயில் பொறுக்காமல் ஏழெட்டு அடி தள்ளிப் போட்டிருப்பாள். அடுத்த வருஷம் போன வருஷத்து இடத்திலிருந்து இன்னும் ஏழெட்டு அடி. ஆகஸ்ட் மாதத்தில் உண்மைக்காக வெயிலில் உட்காருகிறவர் யார்? அவளைப் பார்த்து ஓசெல்லா, ஓசெல்லாவைப் பார்த்து ஹோசியா. நாலைந்து வருஷத்திலேயே தெரு முழுவதும் ஒரு வீடு தள்ளி நகர்ந்திருந்தது. நகர்த்தியது அவள்.

அறக்கட்டளையின் அலுவலகக் கூடாரத்திலிருந்து ஜனெல் குச்சிக்கட்டும் சுத்தியலுமாகக் கிளம்புவது தெரிந்தது. வெர்லீன் வேகமாக நடந்து, தன் நாற்காலியையும் தாண்டி, ஓசெல்லாவிடம் போய் நின்றாள்.

"ஓசெல்லா, நீ இங்க தூங்கறப்ப என்ன கனா காணுவ?"

"வெயில் மண்டைக்கேறிடுச்சா உனக்கு?"

"சொல்லுடி."

"எனக்குன்னு ஒரு கனா வருது பாரு, பதினொரு மணி நேரம் பஸ்ல குலுங்கி வந்ததுக்கு! நாலு ஆம்பளைங்க உக்காந்து பேஸ்பால் பேசறானுங்க. வருஷா வருஷம் அதே நாலு பேர். ஷேவிங் சோப்பு நாத்தம் வேற. எங்கப்பாதான் தாடி வச்ச மனுஷனாச்சே, எங்க வீட்ல ஏது சோப்பு? எங்கம்மா ஒரு தடவ கூட வந்ததில்ல."

அடுத்த நாற்காலியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஹோசியா கையை நிறுத்தினான். சலூன்காரரின் மகன், காது கொஞ்சம் மந்தம்; ஆனால் தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும்.

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் இடது கைல கத்தி புடிச்சிருப்பாரா?"

"ஆமா. பேசிப் பேசிக் கத்தியக் காத்துல வீசுவாரு. எனக்குத் தூக்கத்துல கூட பயம்."

"அது எங்கப்பா," என்றான் ஹோசியா. சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "அட கடவுளே. அப்ப எனக்கு வருஷா வருஷம் எவனோ பியானோ பழகுறானே, காதுக் கோளாறுன்னு டாக்டர்கிட்ட வேற போனேன். அது பக்கத்து வீட்டு பியானோ டீச்சரம்மா!"

வெர்லீன் குழாய் மூடியைச் சொன்னாள். மரத்தைச் சொன்னாள். ஆரஞ்சுக் கொடிகளைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. ஹோசியா எழுந்து வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"சிஸ்டர் வெர்லீன், ஒண்ணு சொல்றேன் கேளு. யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாருக்கும் ஒரு வீடு தள்ளி வீடு. கடைசி வீடு மட்டும் பழைய சர்ச் மைதானத்துல போய் விழும், அத யாரு கேக்கப் போறா? வாய மூடிக்கிட்டா உனக்கு மஞ்சக் கதவு. தொறந்தா தார் ரோடு."

ஓசெல்லா அவன் பேசியதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, வெர்லீனின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

"எலுமிச்சைத் தோல் துருவிக்கிட்டிருந்தாங்க."

"என்ன உடுத்தியிருந்தாங்க?"

"நீல ஏப்ரன். ஒரு பக்கப் பை கிழிஞ்சது."

"அடுப்புல மாட்டிக் கிழிச்சுக்கிட்டாங்க. தைக்கிறேன் தைக்கிறேன்னு சொல்லித் தைக்கவே இல்ல." ஓசெல்லாவின் உதடு கோணியது. சிரிப்பா, வேறொன்றா என்று சொல்ல முடியாதபடி. "முப்பது வருஷமா எங்கம்மாவ நீ பாத்துக்கிட்டிருந்திருக்க. நான் பேஸ்பால் கேட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

வெர்லீன் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். அறுபது வருஷத்தில் முதல் தடவையாக ஓசெல்லாவிடம் ஒரு வசவும் இல்லை. "உன் நாற்காலி, நீயே பாத்துக்க," என்று மட்டும் சொன்னாள்.

வெர்லீன் திரும்பிப் போய் நிழலில் நின்றாள். என்ன சுகமான நிழல்! இலைகளுக்கிடையே காற்று யாரோ பக்கத்து அறையில் பேசிக்கொள்வது போல் வந்து வந்து போனது. இங்கே ஒரு கூடம், அங்கே ஜன்னல், தெருவைப் பார்க்க மஞ்சள் கதவு. எல்லாம் மனசுக்குள் கட்டி முடித்துத் திரைச்சீலையும் தொங்கவிட்டாயிற்று. அந்த வீட்டில் தினமும் படுக்க வேண்டும். படுத்தால் மிஸ் லூட்டி வருவாள். யாரு உன்னை உள்ள விட்டது என்பாள். அதற்குப் பதில்? குச்சி அடித்தவர்கள் விட்டார்கள் என்பதா? இதையேதானே மேட்டுக்காரர்களும் அறுபத்தேழில் சொன்னார்கள்!

ஜனெல் வந்துவிட்டாள். நெற்றியில் வியர்வை, முகம் கொள்ளாத சிரிப்பு. தெருவின் முதல் குச்சியை நாற்காலிக்கு அருகில் ஊன்றிச் சுத்தியலை ஓங்கினாள்.

"அடிக்கட்டுமா மிஸ் வெர்லீன்? போட்டோ எடுக்கணும்னா தொப்பிய நேரா வெச்சுக்கோங்க."

"நில்லு கண்ணு."

வெர்லீன் நாற்காலியை மடக்கினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள். முப்பத்தைந்து அடி. குழாய் மூடிக்கு நேராக, கொடிகளுக்கு நடுவில், நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள்.

பின்னால் ஒரு நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. அது ஓசெல்லா. அப்புறம் இன்னொன்று. வெர்லீன் எங்கே போட்டாளோ அங்கிருந்து அளப்பதுதானே வழக்கம், யாரும் காரணம் கேட்டு நிற்கவில்லை. ஏழு குடும்பமும் எழுந்தது. குடைகள், ஐஸ் பெட்டிகள், பாதி ஆடிய சீட்டுக்கட்டு, மீன் வாணலி, தூங்குகிற குழந்தை, எல்லாம் கைமாறிக் கைமாறி மேற்கே வந்தன. தூரத்திலிருந்து பார்த்திருந்தால், ஒரு தெரு தன்னைத்தானே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே வீட்டுக்குப் போவது போல இருந்திருக்கும். பியானோ டீச்சரின் மகள் மட்டும், "சாப்பிட்ட வயித்தோட நடக்க வைக்கிறாங்களே" என்று கடைசிவரை குறைபட்டாள்.

ஓசெல்லா மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலணியைக் கழற்றினாள்.

"யாரும் பேசக் கூடாது," என்று உரக்க அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஐந்து நிமிஷத்தில் வாய் திறந்துகொண்டது. தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தது. உள்ளே என்ன நடந்ததோ தெரியாது. ஆனால் ஓசெல்லா தூக்கத்திலேயே, எட்டு வயதுப் பிள்ளை சமையல்கட்டில் நின்று கேட்கிற குரலில், "எனக்கு ஓரத்துத் துண்டும்மா" என்றாள்.

ஜனெல் வெர்லீன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கையிலிருந்த குச்சியை அவளால் எங்கேயும் ஊன்ற முடியவில்லை.

"மிஸ் வெர்லீன், இது ரோடு. இத என்னால உங்களுக்குக் குடுக்க முடியாது. ரோட்ட மாத்தணும்னா திரும்பக் கோர்ட்டுக்குத்தான் போகணும்."

"தெரியும் கண்ணு."

"எல்லாரும் நகந்ததுல அந்தக் கடைசி மனை, சர்ச் மைதானம், காலியாகிடுச்சு. உங்க பேர எழுதறேன். கமிட்டி ஓட்டுப் போடணும். கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"எம் பொறப்புல இருந்து முதல் வீடு. இப்ப கடைசி வீடா?"

"கெடைச்சா."

"பாஸ்டருக்கு மஞ்சக் கதவு புடிச்சிருக்குன்னு எழுதிக்க. ரெண்டு தடவ காட்டியிருக்கேன்."

"அதுக்கு நீங்க அங்க வந்து நிக்கணும், நான் அளக்கணும். வாங்களேன், இங்க வெயில் ஆள உரிக்குது."

வெயில் உரிக்கத்தான் செய்தது. தொப்பியின் பறவை கூடச் சோர்ந்துவிட்டது. வெர்லீன் கண்ணை மூடிப் பார்த்தாள்; இமைக்குள்ளும் சிவப்பாக வெயில். தூக்கமாவது, கனவாவது. கழுத்தில் வியர்வை வழிந்து முதுகுக்குள் இறங்கியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, கனவாக அல்ல, பல் உடைந்த ஞாபகம் மாதிரி கெட்டியாக. அவர்கள் வீட்டுக்கு என்றைக்குமே நிழல் இருந்ததில்லை. முனை வீடு, மேற்கு வெயில். நான்கு மணி ஆனால் அம்மா சமையல்கட்டு ஜன்னலில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, சர்ச்சில் கொடுத்த அட்டை விசிறியால் படபடவென்று விசிறிக்கொண்டு, இந்த வீட்டைக் கட்டினவன் கைல கரி பூச என்று ஆரம்பிப்பாள். அந்தக் குரல், அந்த விசிறல், அந்தக் கோபம், எல்லாம் இந்தச் சூட்டுக்குள்ளேயே இருந்தன. முப்பத்தைந்து வருஷமாக நிழலில் போய்த் தேடியிருக்கிறாள்!

வெர்லீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை வெயிலுக்குக் காட்டினாள். சிரித்தாள்.

ஜனெல் பயந்துபோனாள். "மிஸ் வெர்லீன்? தண்ணி குடுக்கட்டுமா? போலாமா?"

"இரு கண்ணு, அவசரப்படுத்தாத," என்றாள் வெர்லீன். "எங்கம்மா வெயிலத் திட்டி முடிக்கட்டும், வர்றேன்."